ஒரே வீட்டில் இரு வேட்பாளர்கள்

அத்தியாயம் 17

விளக்கின் முன் அமர்ந்து பதிகம் பாடிக்கொண்டிருந்த அபிதகுஜாம்பாள் ஆறாம் பாட்டில் நின்றுவிட்டாள். பாட்டு மறந்துபோகவில்லை. நாற்பது ஆண்டுகளாக நாள்தோறும் நாவில் ஏறி இறங்கிய பாட்டு அது. அடுத்த அறையிலிருந்து வந்த குரல்தான் அவளை நிறுத்தியது.

"மதிப்புக்குரிய கிளைப் பிரதிநிதிகளே, என் பேர் அனிருத். எனக்கு முப்பத்திரண்டு வயசு. பதினொரு வருஷமா மாத்திரை சாப்பிடறேன்."

குரல் நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

மணி ஐந்தேகால். மூன்றே முக்காலுக்கே மகன் எழுந்துவிட்டான் என்பது அவளுக்குத் தெரியும். நேற்றும் அப்படித்தான். முந்தாநாளும் ஏறக்குறைய அப்படித்தான்.

பிள்ளை மகிழ்ந்திருக்கக் கண்டால் பெற்றவள் மகிழ்வாள். அந்தப் பேறு அபிதகுஜாம்பாளின் கையிலிருந்து பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே நழுவிப்போயிற்று. அவன் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறான் என்று பார்ப்பாள். அவன் விரைந்து பேசினால், எவ்வளவு விரைவு என்று அளப்பாள். நோய் முதன்முதலில் அந்த வீட்டுக்குள் வந்ததும் இப்படித்தான். தூக்கம் குறைந்து, பேச்சு மிகுந்து, முகத்தில் ஓர் ஒளியோடு வந்தது. மகிழ்ச்சியும் அதே கோலத்தில்தான் வரும். வாசலில் வந்து நிற்பது இரண்டில் எது என்று கண்டுசொல்லும் கண் அவளுக்கு இன்னும் வாய்க்கவில்லை.

எழுந்து போய், உணவு மேசைமேல் இருந்த, கிழமைக்கு ஒன்றாக ஏழு அறை கொண்ட மாத்திரைப் பெட்டியைத் திறந்தாள். நேற்றைய வெள்ளிக்கிழமை அறை ஒழிந்திருந்தது. முறைப்படி விழுங்கியிருக்கிறான். அப்படியும் நெஞ்சு அடங்கவில்லை.

சென்ற புதன்கிழமை இரும்புலியூர் அலுவலகத்தில் நிகழ்ந்ததே அந்த வீட்டை இப்படி ஆக்கியிருந்தது.

அகில பாரத மனநலக் குடும்பப் பேரவை பதினான்கு மாநிலங்களில் கிளை பரப்பியது. தலைமையகம் என்னவோ இரும்புலியூரில் பெயிண்ட் கடைக்கு மேல்மாடியில் இரண்டே அறைகள். பிள்ளையோ மனைவியோ உடன்பிறப்போ மனநோயில் வீழ்ந்த குடும்பங்கள் கூடி உண்டாக்கிய அமைப்பு அது. ஒன்பது ஆண்டுகள் அதன் பொதுச்செயலாளராக உழைத்தவர் சுப்ரமணியன், அபிதகுஜாம்பாளின் கணவர், ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். இம்முறை தேசியத் தலைவர் பதவிக்கு அவர் மனுக் கொடுத்திருந்தார்.

இணைத் தலைவர் என்று புதிதாக ஒரு பதவியும் ஏற்பட்டிருந்தது. நோயைத் தன் உடம்பிலும் உள்ளத்திலும் அறிந்தவர் மட்டுமே அதில் அமரலாம். அந்தப் பதவி வேண்டும் என்று நான்கு ஆண்டுகள் வாதாடி வென்றவரும் சுப்ரமணியன்தான். புதன்கிழமை மனுக்களைச் சரிபார்த்தபோது, தேர்தல் அதிகாரி ஜெபசீலன் அந்தப் பதவிக்கு வந்திருந்த ஒரே மனுவை உரக்கப் படித்தார். அனிருத், தகப்பனார் பெயர் சுப்ரமணியன், கிழக்குத் தாம்பரம்.

தகப்பனாருக்கு அது அன்றுவரை தெரியாது. தாய்க்குத் தெரியும். முன்மொழியும் கையெழுத்துக்காகப் படப்பையில் இருக்கும் பேரவை உறுப்பினர் ஞானையா வீட்டுக்கு மகனோடு பேருந்தில் போய் வந்தவளே அவள்தான். மூன்று வாரம் அதை வயிற்றில் கட்டிக்கொண்டு நடமாடியிருக்கிறாள்.

பேரவையின் பத்தொன்பதாம் விதி தெளிவானது. ஒரு குடும்பத்தைச் சேர்ந்த இருவர் ஒரே காலத்தில் பொறுப்பு வகிக்கலாகாது. இருவர் மனுக் கொடுத்தால், குறித்த நாளுக்குள் ஒருவர் விலக வேண்டும். விலகாவிடில் இரண்டு மனுக்களும் தள்ளுபடி. வடக்கே ஒரு மாநிலக் கிளையைக் கணவனும் மனைவியும் மைத்துனனுமாகக் கைப்பற்றிக்கொண்டபோது, அதைத் தடுக்கச் சுப்ரமணியன் தம் கையாலேயே எழுதிய விதி. அது தம் வீட்டுக் கதவைத் தட்டும் என்று எழுதியவர் எண்ணவில்லை.

குறித்த நாள் இன்று. சனிக்கிழமை, மாலை ஐந்து மணி.

காலை இட்லிக்குத் தகப்பனும் மகனும் எதிரெதிரே அமர்ந்தார்கள். மூன்று நாளாக இருவரும் அவள் வழியாகவே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அவன் தூங்கினானா?" என்று சுப்ரமணியன் நாளிதழைத் தாழ்த்தாமலே கேட்டார்.

"படுத்தான்."

"படுத்தானான்னு நான் கேக்கல."

"மூணே முக்காலுக்கு எழுந்தேன்பா," என்றான் அனிருத். "அதுக்கு முன்னாடி நல்லாத் தூங்கினேன். இதை என்கிட்டயே கேக்கலாம். இட்லி தட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கேன்."

"கேட்டா கோச்சுக்கறே."

"கேக்காம அம்மாவக் கேட்டா அதைவிடக் கோவம் வருது."

சுப்ரமணியன் நாளிதழை மடித்து வைத்தார். வகுப்பறையில் கடினமான பாடத்தைத் தொடங்குமுன் அவர் அப்படித்தான் புத்தகத்தை மடித்து வைப்பாராம். அவருடைய பழைய மாணவர்கள் சொல்வார்கள்.

"நான் விலகினா வேதாசலம் போட்டியே இல்லாம வந்து உக்காந்துடுவாரு. தெரியும்ல?"

"தெரியும்."

"மூணு காப்பகம் நடத்தறவர். குடும்பங்கள் சேர்ந்து கட்டின பேரவையக் கொண்டுபோய்க் காப்பகம் நடத்தறவர் கையில குடுக்கறதா? பதினாலு கிளையும் என்னை நம்பிட்டு இருக்குடா."

"அதுல அஞ்சு கிளை என்னையும் நம்பிட்டு இருக்குப்பா. பேரவை ஹெல்ப்லைன்ல நாலு வருஷமா ஃபோன் எடுக்கறேன். அவங்களா கேட்டாங்க. நான் போய்க் கேக்கல."

"நீ செய்ய முடியாதுன்னு நான் சொன்னேனா?"

"முடியும்னும் சொல்லலியே."

அபிதகுஜாம்பாள் சட்னிக் கிண்ணத்தை இருவருக்கும் நடுவில் வைத்தாள். இருவருமே எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்பதரை மணிக்குச் சுப்ரமணியன் தோள்பையை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் புறப்பட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது மனைவியைப் பார்த்து, "நீ அவன்கிட்ட பேசு" என்றார். எதைப் பேச வேண்டும் என்று சொல்லவில்லை.

பதினொரு மணிக்குக் கேளம்பாக்கத்திலிருந்து சுப்ரஜா வந்தாள். அனிருத்துக்கு நான்கு வயது இளையவள். கணினி நிறுவனத்தில் வேலை, திருமணமாகி ஐந்தாண்டு. வந்ததும் நேராகச் சமையலறைக்குள் நுழைந்து, அண்ணன் காதில் விழாத தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினாள். அந்தக் குரல் அந்த வீட்டில் அனைவருக்கும் பழகிய குரல்.

"முதல் தடவை எப்படிம்மா ஆரம்பிச்சது? இதே மாதிரிதானே? விடிய விடிய எழுதினான். ஊரையே மாத்தப் போறேன்னான்."

"இப்ப அப்படியெல்லாம் சொல்லலடி. ரெண்டு நிமிஷம் பேசறதுக்கு ஒரு தாள்ல எழுதிவெச்சிருக்கான். அவ்வளவுதான்."

"அப்ப நான் பிளஸ் டூ. ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து கெமிஸ்ட்ரி படிச்சேன். பக்கத்துல ஒரு ஆயா, படிம்மா படிம்மான்னு விசிறிக்கிட்டே இருந்தாங்க. உங்க ரெண்டு பேருக்கும் எனக்கு எக்ஸாம்னே ஞாபகம் இல்ல. நான் குத்தம் சொல்லல. இன்னொரு தடவை என்னால முடியாதும்மா. அதான் சொல்றேன்."

அந்த ஆண்டு மகளுடைய தேர்வு முடிவு வந்த நாளைக்கூட அபிதகுஜாம்பாள் அறிந்திருக்கவில்லை.

அப்போது அனிருத்தே சமையலறை வாசலுக்கு வந்துவிட்டான்.

"சுப்பு, எப்ப வந்தே? ஸ்பீச் கேக்கறியா? ரெண்டே நிமிஷம். தூங்கிட்டன்னா காபி நான் போடறேன்."

"சொல்லுண்ணா," என்று அவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

அவன் தாளைப் பாராமலே பேசினான். தன்னைப் பற்றி நான்கு வாக்கியம். தொலைபேசியில் அழைக்கும் தாய்மார்களைப் பற்றிச் சிறிது. "எங்களைப் பத்திப் பேசும்போது எங்களையும் ரூம்ல வெச்சுக்கிட்டுப் பேசுங்க. அது போதும்" என்று முடித்தான். குரலில் அவசரமில்லை. சொல்லும் மிகையில்லை.

"நல்லாருக்குண்ணா," என்றாள் சுப்ரஜா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்றாள். அங்கே வெங்காயம் இல்லை.

அவன் போன பிறகு தாயின் பக்கம் திரும்பினாள். "நிஜமாவே நல்லாருக்கும்மா. அதான் பயமா இருக்கு. இவ்வளவு ஆசைப்பட்டு, நாளைக்கு அவன் விழுந்தா இந்தியா பூரா பாக்க விழுவான்."

சற்றுப் பொறுத்து, "அண்ணா ஃபைல் எங்க?" என்றாள்.

அபிதகுஜாம்பாள் இரும்பு அலமாரியைத் திறந்து நீலக் கோப்பை எடுத்துக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. அந்தக் கோப்பை யார் கேட்டாலும் எதற்கு என்று கேட்கும் வழக்கம் அங்கே இல்லை.

கோப்பில் மருத்துவச் சான்றுகள் இருந்தன. காப்பீட்டுத் தாள்கள் இருந்தன. அவற்றின் அடியில், ஒன்றும் எழுதாத சில வெள்ளைத் தாள்களும் இருந்தன. ஒவ்வொன்றின் கீழ்க்கோடியிலும் அனிருத்தின் கையெழுத்து.

இத்தகைய குடும்பங்களில் மட்டுமே உள்ள வழக்கம் இது. நோய் முற்றிய நாட்களில் பிள்ளை எதிலும் கையெழுத்திட மாட்டான். வங்கி காத்திருக்காது, காப்பீடும் காத்திருக்காது. அப்படி ஏழு மாதம் பட்ட பாட்டுக்குப் பிறகு, தெளிந்திருந்த ஒரு நாளில் அவனை உட்கார வைத்துப் பன்னிரண்டு தாளில் அவள் கையெழுத்து வாங்கி வைத்தாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்றாள். ஏன் என்று கேளாமல் அவனும் போட்டுக்கொடுத்தான். பேரவையின் மாதக் கூட்டங்களில், தேநீர் இடைவேளையில், ஒரு தாய் இன்னொரு தாய்க்குக் காதோடு சொல்லித்தரும் உபாயம் அது. எந்தக் கையேட்டிலும் அச்சேறியதில்லை.

முன்னறையில் அச்சுப்பொறி கிறுகிறுவென்று ஓடி நின்றது. அடுப்பருகே நின்ற அபிதகுஜாம்பாளுக்கு அது கேட்டது. ஒரே ஒரு தாள் ஓடும் ஓசை. போய்ப் பார்த்திருக்கலாம். குழம்பு கொதித்து வரும் நேரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

சுப்ரஜா சாப்பிடாமலே புறப்பட்டாள். போகும்போது தாயின் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

மூன்றரை மணிக்கு அனிருத் சட்டையைப் பேண்ட்டுக்குள் செருகி, தலைவாரி வந்து நின்றான். கையில் ஒரு மனு.

"ஜெபசீலன் சாரைப் பாத்து இதைக் குடுக்கப்போறேன்மா. அப்பாவும் விலக வேண்டாம், நானும் விலக வேண்டாம். குடும்பமாச் சேர்ந்து பதவியப் பிடிக்கறதுக்காக வந்த விதி அது. எனக்குன்னே ஒரு பதவிய உண்டாக்கிட்டு, என்னை அப்பா கணக்குல எழுதறது ஞாயமான்னு கேட்டிருக்கேன். கமிட்டி பாத்து சொல்லட்டும். நீ கூட வா. பேசறது நான் பேசிக்கறேன்."

தெருமுனையில் எத்திராஜின் ஆட்டோ நின்றிருந்தது. பேரவைக்குப் போகவும் மருத்துவமனைக்குப் போகவும் பல ஆண்டுகளாக அவன் வண்டிதான்.

"இன்னாக்கா, தம்பி இன்னிக்கு டக்கின் எல்லாம் பண்ணிகினு கீறாரு? பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"எலக்ஷன்ணா," என்றான் அனிருத்.

"அய்ய, எந்தக் கட்சி?"

"கட்சி இல்ல. மாத்திரை சாப்பிடறவங்க சங்கம்."

"அப்ப எங்க வூடே மெம்பரு. எங்கம்மாவுக்கு சுகரு, எனக்கு பீப்பி, எம் பொண்டாட்டிக்கு என்னப் பாத்தாலே தலவலி. ஒரு ஓட்டு கூடக் கொறயாது, எழுதிக்கோ."

அனிருத் வாய்விட்டுச் சிரித்தான். அபிதகுஜாம்பாளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, அவன் சிரிப்பு எப்போது ஓய்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். மேம்பாலத்தின் ஏற்றத்திலேயே அது ஓய்ந்துவிட்டது. சாதாரணச் சிரிப்புதான். பார்த்த தன் கண்ணை அவள் நொந்துகொண்டாள்.

பெருஞ்சாலை நெரிசலைக் கடந்து இரும்புலியூர் சேர நாலரை ஆகிவிட்டது. பெயிண்ட் கடைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் வேதாசலம் இரண்டு பேரோடு நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் நீறு, தணிந்த பேச்சு. அவரைக் கெட்டவர் என்று சொல்ல அபிதகுஜாம்பாளிடம் ஒரு சான்றும் இல்லை. இருந்திருந்தால் அவள் பாடு எளிதாயிருக்கும். அவருடைய காப்பகங்களில் வாயிற்கதவு எப்போதும் பூட்டியிருக்கும் என்பது மட்டுமே ஊரறிந்த செய்தி.

"வணக்கம் அனிருத் தம்பி. எப்படி இருக்கீங்க?" என்று அவர் கைகூப்பினார். அவளிடம் கேட்கவில்லை, அவனிடமே கேட்டார்.

"நல்லா இருக்கேன் சார்."

மாடியில், முன்னறை மேசையில் ஜெபசீலன் பதிவேட்டைத் திறந்து வைத்து அமர்ந்திருந்தார். செங்கற்பட்டு நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் மனைவி கிறிஸ்டினா இருபது ஆண்டு இந்நோயோடு வாழ்ந்து மறைந்தவள். உள்ளறையின் கதவு சாத்தியிருந்தது. சுப்ரமணியன் கிளைத் தலைவர்களோடு கணினித் திரையில் பேசிக்கொண்டிருந்த ஓசை கேட்டது.

அனிருத் மனுவை நீட்டினான். ஜெபசீலன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுவதும் படித்தார். படித்து முடித்ததும் அவர் முகத்தில் குழப்பம் படர்ந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. ஆனா நீங்கதான் விலகிட்டீங்களே. இது இப்ப எதுக்கு?"

"யார் விலகினது?"

ஜெபசீலன் பதிவேட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். உடல்நலம் கருதி வேட்புமனுவை விலக்கிக்கொள்கிறேன் என்று நான்கே வரி, அச்சில். கீழே அனிருத்தின் கையெழுத்து.

"மத்தியானம் பன்னண்டரைக்கு உங்க தங்கச்சி கொண்டுவந்து குடுத்தாங்க. நீங்க அனுப்பினதாச் சொன்னாங்க."

அபிதகுஜாம்பாள் நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டாள். காலையில் கேட்ட ஒற்றைத் தாளின் ஓசை இதுதான். தெரியாது என்று அவள் யாரிடமும் சொல்லலாம். தன்னிடம் சொல்ல முடியாது.

அனிருத் தாளைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து பார்த்தான்.

"கையெழுத்து என்னோடதுதான் சார். ஆனா இன்னிக்குப் போட்டதில்ல. எட்டு வருஷத்துக்கு முன்னாடி போட்டது. அப்ப சாப்பிட்ட மாத்திரைக்குக் கை நடுங்கும். பாருங்க, ஒவ்வொரு எழுத்தும் ஆடுது. இப்ப நான் குடுத்த மனுவுல பாருங்க, ஆடல."

ஜெபசீலன் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். நீதிமன்றத்தில் முப்பத்தைந்து ஆண்டு கையெழுத்துகளைப் பார்த்த கண். வேறுபாடு தெரியாமல் இருந்திராது. ஆயினும் அவர் தலையை நிமிர்த்தித் தாயின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்க சொல்லுங்க."

"என்னைக் கேளுங்க சார்," என்றான் அனிருத். "நான் சொல்லிட்டேனே."

"சொன்னீங்க தம்பி. அம்மாவும் சொன்னாத்தான் நான் எழுத முடியும்."

அவர் கடிந்து சொல்லவில்லை. இருபது ஆண்டு கிறிஸ்டினாவுக்காக அவரே பேசியிருக்கிறார். அந்தப் பழக்கம் அவர் நாவிலும் ஊறியிருந்தது. அனிருத் தாயைத் திரும்பிப் பாராமல் சன்னலை நோக்கி நின்றான்.

உண்மையைச் சொன்னால் மகள் செய்தது பதிவேட்டில் ஏறும். பதினான்கு கிளைக்கும் போகும். சொல்லாவிட்டால் மகன் வாய்ச்சொல் நோயாளியின் சொல்லாக இந்த அறையிலேயே மடியும். பெற்ற இரண்டில் ஒன்றைக் கீழே வைத்தால்தான் மற்றொன்றைத் தூக்கலாம்.

"அவன் சொல்றது நிஜம் சார்," என்றாள். "வெறும் தாள்ல கையெழுத்து நான்தான் வாங்கி வெச்சேன். ஃபைலை எடுத்துக் குடுத்ததும் நான்தான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அவளை எழுதாதீங்க. என்னை எழுதிக்கோங்க."

ஜெபசீலன் பேனாவைத் திறந்தார். விலகல் கடிதத்தின் குறுக்கே ஒரு கோடிட்டார்.

"இது செல்லாது. உங்க மனுவ கமிட்டிக்கு அனுப்பலாம் தம்பி, ஆனா கமிட்டி கூடறதுக்கு ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் விதி விதிதான். இப்போதைக்கு யாருமே விலகல. மணி நாலு ஐம்பது."

உள்ளறைக் கதவு திறந்தது. சுப்ரமணியன் எவ்வளவு நேரமாக அதன் பின்னால் நின்றிருந்தாரோ தெரியவில்லை. வந்து, கோடிட்ட தாளை எடுத்துப் படித்தார்.

"எனக்கு இது தெரியாதுடா," என்றார்.

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும்பா."

அவர் நாற்காலியை இழுத்து அமர்ந்தார். ஜெபசீலனிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கினார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். தேசியத் தலைவர் பதவிக்கு நான் அளித்த வேட்புமனுவை, என்று எழுதினார். ஒன்பது ஆண்டுகளில் அவர் ஏறாத ரயிலில்லை, பேசாத மேடையில்லை. அத்தனையும் அரைத்தாளில் அடங்கப்போகிறது.

"அப்பா, ஒரு நிமிஷம்," என்றான் அனிருத்.

பேனா நின்றது.

"சுப்பு செஞ்சதுக்குப் பரிகாரமா எழுதறீங்கன்னா வேண்டாம். நான் பாவம்னு எழுதறீங்கன்னாலும் வேண்டாம். என்னால இதைச் செய்ய முடியும்னு நீங்க நினைச்சா எழுதுங்க. அப்படி நினைக்கலன்னா எழுதாதீங்க. நான் கோச்சுக்க மாட்டேன்."

சுப்ரமணியன் மகனை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ ஊர்களில், எத்தனையோ கூட்டங்களில், நம் பிள்ளைகளை நம்புங்கள் என்று தழுதழுத்துப் பேசியவர். அந்தச் சொல் அவர் நாவில் என்றும் தடையின்றி வரும். இப்போது ஒரே ஒரு ஆம் போதும். பொய்யாகச் சொன்னாலும் போதும். பொய் சொல்லி அறியாத மனிதர் அவர். அதுதான் அந்த அறையில் எல்லோரையும் கட்டிப்போட்டது.

பேனாமுனை தாளின்மேல் ஒரு புள்ளியாக நின்றது. மை சிறிது சிறிதாக அகன்றது.

எழுதுங்க என்று சொல்ல அபிதகுஜாம்பாள் வாய் திறந்தாள். சொன்னால் அதே கேள்வி அவள் முன்னும் வந்து நிற்கும். நீ நினைக்கிறாயா? இன்று விடியலில் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்த கைக்கு என்ன விடை இருக்கிறது? அழைக்கும் தெய்வத்தை எல்லாம் மனத்தால் அழைத்தாள். அவை இந்தக் கேள்விக்குத் தனக்காக விடை சொல்லமாட்டா என்றும் அறிந்தாள்.

ஜெபசீலன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சுப்ரமணியன் ஒருமுறை பேனாவை அசைத்தார். ஓர் எழுத்துக்கூட ஆகாத சிறு கீற்று விழுந்தது. அவ்வளவுதான்.

ஐந்து மணி ஆயிற்று.

"நேரம் முடிஞ்சது," என்றார் ஜெபசீலன். அவருக்கே அது கேட்டிருக்குமா என்பது ஐயம். பதிவேட்டில் இரண்டு பெயர்களின் எதிரேயும் தள்ளுபடி என்று எழுதினார். எழுதியதை நீதிமன்ற வழக்கப்படி படித்தும் காட்டினார். "தேசியத் தலைவரா வேதாசலம் போட்டியின்றித் தேர்வு. இணைத் தலைவர் இடம் காலி. காலியான இடத்துக்குத் தலைவர் தகுதியுள்ள ஒருத்தரை நியமிக்கலாம்."

அனிருத் கைகூப்பி அவருக்கு நன்றி சொன்னான். தகப்பனாரின் தோளைத் தொட்டான். "பரவாயில்லப்பா. கேட்டுக்கிட்டது நல்லதுதான்" என்றான். பிறகு படியிறங்கிப் போனான்.

அபிதகுஜாம்பாள் அவன் பின்னால் விரைந்தாள். படிக்கட்டின் நடுத்திருப்பத்தில் அவள் கால் நின்றுவிட்டது. கீழே போனால் அவரை விட்டுவிட வேண்டும். மேலே போனால் இவனை. கம்பிச் சன்னலைப் பற்றிக்கொண்டு தெருவைப் பார்த்தாள்.

செய்தி அதற்குள் கீழே எட்டியிருந்தது. தேநீர்க் கடையில் இருந்தவர்கள் வேதாசலத்துக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள். அனிருத்தைக் கண்டதும் அவர் அவர்களை விலக்கிவிட்டு எழுந்தார். தாம் அமர்ந்திருந்த முக்காலியை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார். ஏதோ சொன்னார். பேருந்துகளின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

அனிருத் சாலையைப் பார்த்தான். ஒரு கணம் மாடியையும் பார்த்தான். அவள் நிற்பது அவனுக்குத் தெரிந்திருக்காது. பிறகு அமர்ந்தான்.

கையில் தேநீர் வந்தது. அவன் பேசத் தொடங்கினான். வேதாசலம் எதிரே நின்றபடி, தலை சாய்த்து, குறுக்கே ஒரு சொல்லும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேலே நாற்காலி நகரும் ஓசை கேட்டது. சுப்ரமணியனின் குரல் தளர்ந்து வந்தது.

"அபிதா, அவன் எங்க?"

அவள் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எங்கயும் போகலங்க. கீழதான் உக்காந்திருக்கான்," என்றாள்.

யாரோடு என்று அவர் கேட்கவில்லை.